புலி ஆண்டில் பிறந்தவர்

அடுப்புக் குழாயைக் கம்பளிக் கூடாரத்தின் உச்சியிலிருந்து உருவியபோது உள்ளே சேர்ந்திருந்த கரியெல்லாம் ஹாலியூனின் தலையில் கொட்டியது. வெளியே ஏணியில் நின்றிருந்த தம்பி ஒச்சிர், "விட்டுடாத, விட்டுடாத" என்று கத்தினான். குழாய் இன்னும் சுட்டது. கையுறையோடு அதைக் கட்டிப்பிடித்துத் தரையில் இறக்கினாள்.

மேற்குப் பக்கக் கட்டிலில் அப்பா கிடந்தார். விடிகாலையில் தேநீர் கேட்டிருக்கிறார். அம்மா ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எழுபது வயது. ஆயுள் முழுக்க நிலக்கரி லாரி ஓட்டிய நுரையீரல் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. அடுப்பை வெளியே எடுத்தால்தான் கூடாரம் குளிரும், உடல் கெடாமல் இருக்கும். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. மூச்சே மீசையில் உறைந்துவிடும் குளிர்.

ஒச்சிர் உள்ளே வந்தான். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூக்குல கரி விழுந்திருக்குடா. தொடைச்சு விடட்டுமா?"

"தொடாதக்கா. முதல்ல லாமாகிட்ட போயிட்டு வந்துடறேன்."

"கரியோடவா கிடக்கணும்?"

"அவரு பாக்காத கரியா. இருக்கட்டும்."

இருவரும் அடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே தூக்கினார்கள். கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது.

ஒச்சிர் இருட்டும் நேரத்தில்தான் திரும்பி வந்தான். அம்மா செவெல்மா அதற்குள் கூடாரத்துக்குப் பக்கத்து மரவீட்டுக்குள் இருந்த கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு, வந்தவர்களுக்கு உப்புத் தேநீர் கொடுத்து அனுப்பியிருந்தாள். இறந்தவர் பிறந்த ஆண்டையும் உயிர் போன நேரத்தையும் சொன்னால் லாமா சுவடியைப் பிரித்துப் பார்த்துச் சொல்வார். எந்தக் கிழமை எடுப்பது, யார் தொடலாம், யார் பார்க்கக் கூடாது என்று.

"வெள்ளிக்கிழமை, சூரியன் வர்றதுக்கு முன்னாடி" என்றான் ஒச்சிர். "முதல்ல கை வைக்கிறவர் புலி ஆண்டுக்காரரா இருக்கணும். நம்ம ரத்தமா இருக்கக் கூடாது. அவரு கை பட்ட பிறகுதான் மத்தவங்க தொடணும்."

"அப்புறம்?"

"குரங்கு ஆண்டுக்காரங்க முகத்தைப் பாக்கக் கூடாது. உள்ளயும் போகக் கூடாது."

அதைச் சொல்லும்போது அவன் தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தான். ஆண்டுகள் பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுற்றிச் சுற்றி வரும். அப்பா குரங்கு ஆண்டு. இரண்டு சுற்று கழித்துப் பிறந்த ஹாலியூனும் குரங்கு.

"புதைக்கிற இடத்துக்கு வரலாமா?"

"அங்கயும் வேண்டாம்க்கா."

ஹாலியூன் ஞானஸ்நானம் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஊரில் எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிடும் கொரிய மிஷனரி வீட்டில் சமைக்கப் போனவள், அங்கேயே ஜெபிக்கவும் கற்றுக்கொண்டாள். லாமாவின் சுவடியில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் நிலக்கரி எடுக்க முற்றத்துக்குப் போனபோது கூடாரத்தின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

அம்மா புலி ஆண்டுக்காரர்களை யோசித்தாள். அந்தச் சின்ன ஊரில் அந்த ஆண்டில் பிறந்தவர்களே சிலர்தான். ஒருவர் தலைநகரத்தில் இருந்தார். ஒருவர் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது, பிணத்தைத் தொட விடமாட்டார்கள். இன்னொருவர் அப்பாவின் தம்பி மகன், அதே ரத்தம்.

"அந்தக் கொரிய வாத்தியார் புலிதானே" என்றாள் அம்மா. "போன கிறிஸ்துமஸுக்கு உங்கப்பா கேட்டாரே. புலின்னு சொன்னாரே."

ஒச்சிர் சிரித்தான். "நல்ல ஆளைப் பிடிச்ச. லாமா பேரைக் கேட்டாலே அந்தாளுக்கு வயித்தை வலிக்கும்."

"உன்னையா கேக்கச் சொன்னேன்? இவ கேக்கட்டும். இவளைத்தான் சகோதரி சகோதரின்னு உருகுறாரே." அம்மா ஹாலியூன் பக்கம் திரும்பினாள். "பொண்ணே, உன் சாமியை நான் ஒண்ணும் சொன்னதில்ல. உங்கப்பாவும் சொன்னதில்ல. வருஷா வருஷம் வந்து உக்காந்தாரு. ஒரே ஒரு தடவை அவங்க நம்ம வீட்டுக்கு வரட்டும்."

அப்பா வந்து உட்கார்ந்ததென்னவோ உண்மை. மிஷனரி வீட்டில் தரைக்கு அடியில் சூடு ஓடும். கிறிஸ்துமஸ் அன்று சூப்பைக் குடித்துவிட்டுச் சுவரோரம் படுத்துத் தூங்குவார். பாட்டெல்லாம் முடிந்த பிறகு எழுப்ப வேண்டும்.

மறுநாள் கிறிஸ்துமஸ். ஊருக்கு அது வெறும் வியாழக்கிழமை. அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. மிஷனரி வீட்டின் பெரிய அறையில் மட்டும் வண்ணக் காகிதம் தொங்கியது. மேய்ப்பர்களாக நடிக்க வந்த பிள்ளைகளுக்கு வேஷம் தேவைப்படவில்லை, வீட்டிலிருந்து போட்டு வந்த ஆட்டுத்தோல் அங்கியே போதும். உண்மையான ஆட்டுக்குட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்கள். அது நட்சத்திரத்துக்குக் கீழே மூத்திரம் பெய்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஹாலியூன் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போனாள். வாத்தியாரின் மனைவி மிரான் அவளைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொரியர்கள் அப்படித்தான். ஹாலியூன் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். இறந்து போகிறவர் வழியில் கண்ணீர் கடலாக நிற்கும், தாண்ட முடியாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பைபிளுக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்த விஷயம்.

"மிரான் அக்கா, முள்ளங்கியை நான் நறுக்கறேன். வாத்தியாரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

நோ வாத்தியார் வந்தார். ஒச்சிர் வயதுதான் அவருக்கும். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடமாகியும் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத்தான் பேசுவார். ஹாலியூன் நறுக்குவதை நிறுத்தாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் அடக்கத்துக்கு வருவேன், சகோதரி. ஜெபம் செய்வேன். ஆனால் லாமா சொன்ன புலியாக வர முடியாது."

"ஜெபம் வேண்டாம் வாத்தியாரே. கைதான் வேணும்."

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த, அதே சபைக்கு வரும் சோல்மோன் திரும்பாமலே பேசினாள். "என் புருஷன் சாவுக்கு வராத கை அது. லாமாகிட்ட போனேன்னு சொல்லி என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்க வெச்சீங்க. இவளுக்கு மட்டும் தனிப் பைபிளா?"

வாத்தியாருக்குக் காது சிவந்தது. பெரிய அறையில் பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

"பிணத்தைத் தூக்கறது பாவமாங்க?" என்றாள் மிரான்.

"தூக்குவது பாவம் இல்லை. புலி என்பதால் தூக்குவதுதான் தவறு."

"என்ன பெரிய புலி. அத்தை புத்தாண்டுப் பண்டிகை வேலையெல்லாம் முடிச்சுட்டு மறுநாள் உங்களைப் பெத்தாங்க. ரெண்டு நாள் முந்தியிருந்தா மாடாப் போயிருப்பேன்னு அவங்களே கேலி பண்ணுவாங்க. அவ்வளவுதான் இந்தப் புலி."

ஹாலியூனின் கத்தி நின்றது.

"அது எந்த மாசம்க்கா?"

"ஜனவரி. கடைசி வாரம்."

ஒச்சிரும் அதே குளிர்காலத்தில் பிறந்தவன்தான், பிப்ரவரியில். அவன் மாடு. அந்த வருடம் இங்கே புத்தாண்டு ரொம்பத் தள்ளி வந்தது. அவனுக்குத் தொப்புள்கொடி விழுந்த பிறகுதான் பண்டிகை வந்தது என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவனுக்கு முன்னால் பிறந்தவர் எப்படிப் புலி ஆக முடியும்?

அவள் அதை நிதானமாகச் சொன்னாள். கொரியாவில் புலி பிறந்துவிட்டது, இங்கே மாடு இன்னும் போகவில்லை. வாத்தியார் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்படியானால் உங்கள் கணக்கில் நான் புலி இல்லை."

"இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லவும் மாட்டேன்."

தெளிந்த முகம் மறுபடி மூடிக்கொண்டது. "அது பொய், சகோதரி."

"புலியா வந்தா மூடநம்பிக்கை. மாடா வந்தா பொய். எதுல வரீங்கன்னு நீங்களே பாத்துக்கோங்க." முள்ளங்கித் துண்டுகளைச் சட்டியில் தள்ளினாள். "அப்பா மூக்குல கரி விழுந்திருக்கு. அடுப்பைக் கழட்டும்போது நான்தான் கொட்டினேன். உங்க கை படாம வேற யாரும் தொட மாட்டாங்க. நான் உள்ளயே போகக் கூடாது. கரியோட போவாரு, அவ்வளவுதான்."

பெரிய அறையிலிருந்து யாரோ வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, பின்னால் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைய பிரசங்கத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார், பெத்லகேமுக்குப் பதில் எருசலேம் என்றார். ஹாலியூன் வந்தவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றினாள். அவள் வேலை அது. சுவரோரத்தில் இரண்டு பிள்ளைகள் தூங்கிப்போயிருந்தன. தாண்டிப் போய்ப் பரிமாறினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"வரேன்னாரு."

அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே வேன் முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்பாது. சித்தப்பாக்கள் வேலியோரம் நின்று சிகரெட் பிடித்தார்கள். ஒச்சிர் ஐந்து தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஆறாம் தடவை, "உன் ஆளு வரமாட்டான்க்கா" என்றான். "சூரியன் வந்துடும். நானே கை வைக்கிறேன். ஆனது ஆகட்டும்."

"கொஞ்சம் பொறு."

"அம்மாகிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

 வெளியே பனி நொறுங்கும் காலடிச் சத்தம் கேட்டது. ஒற்றை ஆள்.

ஹாலியூன் மரவீட்டுச் சமையலறையிலேயே நின்றாள். ஜன்னல் முழுக்கப் பனி படர்ந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. பேச்சு மட்டும் கேட்டது.

"வந்துட்டீங்களா வாத்தியாரே." அம்மாவின் குரல். "நீலப் பட்டு வெச்சிருக்கேன், கையில சுத்திக்கோங்க." பிறகு, கொஞ்சம் இழுத்து, "புலி ஆண்டுதானே நீங்க?"

வேன் உறுமியது. ஹாலியூன் கையிலிருந்த அரிசிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல். பொய் சொல்லத் தெரியாத மனிதர். இத்தனை வருடத்தில் சூப்பில் உப்பு சரியில்லையென்றால்கூட நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை.

"எங்கள் நாட்டில் புலி" என்றார் வாத்தியார்.

"நாட்டுக்கு நாடு அதெல்லாம் மாறுமா என்ன" என்றாள் அம்மா.

 கூடாரத்தின் மரக்கதவு கிரீச்சிட்டது.

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அடுப்பில் சாவுச் சோற்றுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒச்சிர் உள்ளே வந்தான், கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு.

"வாத்தியாருக்குச் சுடுதண்ணி வேணுமாம்."

அவள் சோற்றுத் தண்ணீரிலேயே ஒரு கரண்டி மொண்டு ஊற்றினாள். பத்தாது என்று தோன்றி இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். ஒச்சிர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போனான். 

பிறகு கூடாரத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஒரே ஒரு ஆண் குரல், கொரிய மொழியில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதது.

"வாத்தியாரே, இங்க அழக் கூடாது" என்றான் ஒச்சிர்.

"விடுடா" என்றாள் அம்மா. "அவரு கண்ணீர் அவரு ஊர்ப் பக்கம் போகும்."

வேன் கதவு அடைத்துக்கொண்டது. உறுமல் தெருவில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, கேட்காமல் போனது. ஹாலியூன் அரிசியை மறுபடி கழுவினாள். ஏற்கெனவே கழுவியதுதான். உலர்திராட்சையை அள்ளிப் போட்டாள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு பிடி போட்டாள். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணங்களைத் துடைத்தாள். 

அவர்கள் திரும்பியபோது வெயில் வந்துவிட்டிருந்தது, சூடில்லாத வெயில். கதவருகே இரண்டு பக்கமும் சாணி வறட்டி அடுக்கி நெருப்பு போட்டிருந்தார்கள். சாவுக்குப் போய் வந்தவர்கள் தீட்டுக் கழிய அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும். ஹாலியூன் வாசலில் சோற்றுச் சட்டியோடு நின்று பார்த்தாள். ஒச்சிர் முதலில் நடந்து வந்தான். பிறகு சித்தப்பாக்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள்.

வாத்தியார் கடைசியில் நின்றார். வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் வேன் ஓட்டுநருக்கு வர முடியவில்லை, அவனும் பொறுத்து நின்றான். வேலியைச் சுற்றி வந்தால் வேறொரு வழி இருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அவர் கையுறைகளைக் கழற்றினார். விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. இடப்பக்க நெருப்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அதன்மேல் நீட்டினார். திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அம்மா முதல் கிண்ணத்தில் சோறு போட்டு, அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.