தரைக்கு அடியில் குளிர்

வியாழக்கிழமை காலை கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்:

ரெங்கநாதன், பிரிவின் தலைவர். ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர். கத்திரி வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர்.

லூர்துராணி, கணக்குகளைத் தன் மேஜையில் உள்ள தனி மெஷினில் தட்டிக் கம்ப்யூட்டருக்குத் தயாராக்குபவள். பாலக்கரைக்காரி. நிமிர்ந்து பார்க்காமல் தட்டுவாள், நிமிர்ந்து பார்க்காமலே பதிலும் சொல்வாள்.

முகம்மது கனி, ஏசி மெக்கானிக். நோன்பு வைத்திருந்தார். வாயில் தண்ணீர் படவில்லை, கோபத்துக்கு மட்டும் குறைவில்லை.

தர்மராஜ், கம்ப்யூட்டரை விற்ற கம்பெனி பெங்களூரிலிருந்து அனுப்பிய சர்வீஸ் என்ஜினியர். சொந்த ஊர் மருங்காபுரி.

செபஸ்தியான், ஆபரேட்டர். பி.எஸ்ஸியைப் பாதியில் விட்டவன். ராத்திரி ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

இவர்களைத் தவிர பீரோ உயரத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் வேலை செய்யாமல் நின்றிருந்தது.

“மறுபடியும் படுத்துண்டுடுத்தா?” என்றார் ரெங்கநாதன்.

“படுக்கல சார், நின்னுக்கிட்டேதான் இருக்கு. வேலைதான் செய்யல” என்றான் செபஸ்தியான்.

ரெங்கநாதன் முறைத்தார். அவன் கன்சோலிலிருந்து காகிதத்தைக் கிழித்து நீட்டினான். மெஷின் தன் உடம்புக்கு என்னவென்று அந்தக் கன்சோலில்தான் தானாகவே தட்டிச் சொல்லும். இந்த வாரம் முழுக்க அது சொன்னது ஒரே வரி. பிழை எண் நாற்பத்தேழு, ஓவர் டெம்பரேச்சர். அதைச் சொல்லிவிட்டு விளக்கையெல்லாம் அணைத்துக்கொள்ளும். ஆறியதும் தட்டி எழுப்பினால் கொஞ்ச நேரம் சமர்த்தாக ஓடும், பிறகு மறுபடி அதே வரி.

தர்மராஜ் வந்த நாளிலிருந்து தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்தேழோடு மல்லுக்கு நின்றான். மின்விசிறியைப் பார் என்றது புத்தகம். பார்த்தான், சுழன்றது. வடிகட்டியைத் துடை என்றது. துடைத்தான். சூடு அளக்கும் சென்ஸாரை மாற்று என்றது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரவழைத்து மாற்றினான். அதற்குமேல் புத்தகம் ஒன்றும் சொல்லாததால், உள்ளே இருந்த சர்க்யூட் கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அவற்றின் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எல்லா என்ஜினியரும் செய்கிற வைத்தியம் அது. அதுவும் பலிக்கவில்லை.

“ரூம் ஐஸ் மாதிரி வெறைக்கறது. நேக்குக் கழுத்துப் பிடிச்சுண்டு திரும்ப முடியல. இதுக்கு மட்டும் எங்கேர்ந்துய்யா சூடு?” என்றார் ரெங்கநாதன்.

“ஏசியில ஏதாவது...” என்று ஆரம்பித்தான் தர்மராஜ்.

“தம்பி, ஏசிய மட்டும் சொல்லாதீங்க” என்றார் கனி. “நோன்பு வச்ச வாயால சொல்றேன், ஏசி தங்கமா ஓடுது. உங்க பொட்டி சரியில்லன்னா பொட்டியப் பாருங்க.”

“பெட்டிய நான் பார்த்துட்டேன் பாய். இனிமே அதுக்குள்ள பார்க்கறதுக்கு நான்தான் போய் உக்காரணும்.”

லூர்துராணி நிமிராமல் சிரித்தாள்.

ஒருவருக்கும் சிரிக்கிற நிலைமை இல்லை என்பதுதான் விஷயம். துவாக்குடிப் பக்கம் வால்வு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆரம்பத்திலிருந்தே அதை விரும்பாதவர்கள் நிறைய. ஜெனரல் மேனேஜர் நேற்று வந்து மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சரக்குக் கணக்கை முழுதாக அச்சடித்துத் தராவிட்டால் பெட்டியைப் பெங்களூருக்கே லாரி ஏற்றிவிடுவேன் என்று சொல்லிப் போயிருந்தார். ஆட்கள் அவரவர் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டியதுதான். ரெங்கநாதனுக்கு அக்கவுண்ட்ஸ். லூர்துராணிக்கு டைப்பிங் பிரிவு. செபஸ்தியானுக்கு ஃபவுண்டரி.

ஃபவுண்டரியில் அவன் நான்கு வருடம் இருந்தான். உருகிய இரும்பைக் குவளையில் ஏந்திப் போகிற இடம். மே மாதத்தில் அங்கே வியர்வை சட்டையை நனைப்பதில்லை, நனைப்பதற்குள் காய்ந்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவன் பரீட்சை எழுதியது விஞ்ஞான ஆர்வத்தால் இல்லை. அந்த அறைக்கு ஏசி உண்டு என்பதால்தான். திரும்ப ஃபவுண்டரிக்குப் போவதைவிட ஊரை விட்டு ஓடலாம் என்று அவன் தீர்மானித்திருந்தான். எங்கே ஓடுவது என்பதுதான் தெரியவில்லை.

தர்மராஜ் எழுந்து காலால் தரையைத் தட்டினான். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டது.

“குளிர் காத்து கீழேர்ந்துதானே மெஷினுக்கு வரணும்? தரையத் திறந்து பார்த்துடலாம்.”

லூர்துராணியின் விரல்கள் நின்றன.

அந்த அறைக்குத் தரை இரண்டு. அடியில் சிமெண்ட். அதற்கு மேல் முழங்கால் உயரத்தில் குட்டி இரும்புக் கால்கள், அவற்றின் மேல் சதுரச் சதுரமாகப் பலகைகள். ஏசி தன் குளிரை அந்த இடைவெளிக்குள்தான் ஊதும். கம்ப்யூட்டரின் வயர்களும் அதற்குள்தான் ஓடும். கம்ப்யூட்டரின் வயர்களைத் தவிர செபஸ்தியானின் பன்னீர் சோடா பாட்டில்களும் அங்கேதான் இருந்தன. ராத்திரி ஷிப்டுக்குச் சில்லென்று ஒரு பன்னீர் சோடா இல்லாவிட்டால் அவனுக்கு விடியாது. அவன் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அந்தத் தெருவிலேயே கிடையாது.

நம் சோடாவால்தானா இவ்வளவும்? அவன் காகிதப் பெட்டிகளின் பக்கம் திரும்பாமல் நின்றான்.

“இப்பவே திறக்கணுமா?” என்றார் ரெங்கநாதன். “மணியாயிடுத்து. சாப்டுட்டுப் பார்த்துக்கலாமே.”

“ஆமா சார், கேண்டீன்ல இன்னிக்கு வடை பாயசம்” என்றாள் லூர்துராணி.

“போய்ச் சாப்பிட்டு வாங்க தம்பி, வெறும் வயித்தோட குனிஞ்சா தலை சுத்தும்” என்றார், விடியலிலிருந்து எதுவும் சாப்பிடாத கனி.

மூன்று பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவதை செபஸ்தியான் இதுவரை பார்த்ததில்லை. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமும் இல்லை. தர்மராஜைக் கேண்டீன் வாசல்வரை கொண்டுபோய் விட்டு, பர்ஸை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி ஓடினான்.

கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ரெங்கநாதனின் பின்புறம். மனிதர் தன் நாற்காலியை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டுத் தோள்வரை தரைக்குள் போயிருந்தார். வெளியே வந்தபோது கையில் ஒரு பித்தளைத் தூக்கு.

“சார்?”

தூக்கு நழுவப் பார்த்தது. மார்போடு அணைத்துக்கொண்டார்.

“தயிர்டா. இந்த வெயில்ல காலம்பற உறைஞ்ச தயிர் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள புளிச்சுப் போறது. தத்தியோன்னத்துக்குப் புளிச்ச தயிரப் போட்டா மனுஷன் திம்பானா? நீ எதுக்கு வந்தே?”

செபஸ்தியான் காகிதப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்த் தன் பலகையைத் தூக்கினான். பாட்டில்கள் கணீர் கணீரென்று மேலே வந்தன.

“அடப்பாவி! இது கம்ப்யூட்டர் ரூமா, பொட்டிக்கடையா?”

“உங்க தயிர் மட்டும் என்ன சார், கம்ப்யூட்டர் குடிக்கிற தயிரா?”

கதவு மறுபடி திறந்தது. லூர்துராணி. இரண்டு பேரையும் பார்த்தாள். தயிரைப் பார்த்தாள், சோடாவைப் பார்த்தாள். தன் மேஜைக்கு அடியில் புகுந்து, ஈரத்துணியில் சுற்றிய பெரிய பூப்பொட்டலத்தோடு வெளியே வந்தாள்.

“ஸ்ரீரங்கத்துலேர்ந்து காலையில வர்ற மல்லி அண்ணே. சாயந்திரம் ஷிப்ட் முடிஞ்சு போறப்ப நம்ம பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க. வாடிப்போனா யார் வப்பா?”

கனி கதவைத் திறக்கவே இல்லை. ஏசிக்குப் பின்னாலிருந்து எழுந்தார். அவர் முதலிலேயே உள்ளேதான் இருந்திருக்கிறார். கையில் நன்னாரி சர்பத் பாட்டில்.

“நோன்பு தொறக்கறதுக்கு” என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

“பாய், நீங்களுமா? ஏசிக்கே நீங்கதானே டாக்டர்?”

“டாக்டருக்குத் தாகம் எடுக்காதா?”

ரெங்கநாதன்தான் முதலில் சிரித்தார், கழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தார். தர்மராஜ் வருவதற்குள் தயிர் ஃபைல் பீரோவுக்குள்ளும், பூ மேஜை டிராயருக்குள்ளும், சோடாவும் சர்பத்தும் வராந்தாவில் இருந்த மணல் வாளிக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்தன. பலகைகளை அழுத்தி மூடினார்கள். அவ்வளவுதான், பாவம் கழுவியாயிற்று என்று செபஸ்தியான் நினைத்தான்.

தர்மராஜ் வந்து மெஷினுக்கு முன்னால் இருந்த பலகையை, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை ஒட்டித் தூக்கினான். உள்ளே டார்ச் அடித்தான். தரை சுத்தம். குளிர் காற்று அவன் தலைமுடியைத் தூக்கி நிறுத்தியது.

“கீழ புயலே அடிக்குது” என்றான். “மேல வரல. அது எப்படி?”

கையில் இருந்த பலகையைப் புரட்டினான். தட்டினான். அப்படியே நின்றான்.

“இது வெறும் பலகையா இருக்கே. மெஷினுக்கு முன்னால ஓட்டை போட்ட பலகை இருக்கணும். நாலு. அதுவழியாத்தான் காத்து மேல ஏறி மெஷினுக்குள்ள போகும். அந்த நாலும் எங்க?”

செபஸ்தியானுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓட்டைப் பலகையைத் தூக்க ரப்பர் கைப்பிடி வேண்டாம். ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டால் போதும், சட்டென்று வந்துவிடும். திருட்டுத்தனமாகத் திறந்து மூட அதைவிடச் சௌகரியம் வேறில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் அவன்தான் மெஷினுக்கு முன்னாலிருந்து ஒன்றை எடுத்து, காகிதப் பெட்டிகளுக்குப் பின்னால் போட்டு, அங்கிருந்த வெறும் பலகையை இங்கே போட்டான். ஒன்று போனால் மீதி மூன்று இருக்கிறதே என்று நினைத்தான். அவன் மட்டுமா நினைத்தான்?

ரெங்கநாதனின் நாற்காலியைப் பார்த்தான். அதற்கு அடியில், மெஷினுக்குப் போக வேண்டிய குளிரெல்லாம் அந்த மனிதரின் கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தப் பலகை...” ரெங்கநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஆரம்பத்துலேர்ந்தே அது வரலைன்னு நினைக்கறேன். உங்க கம்பெனி அனுப்பவே இல்ல போலருக்கு.”

தர்மராஜ் முகம் சுருங்கியது. “அப்படின்னா பெங்களூருக்கு எழுதணும். செஞ்சு அனுப்ப ரெண்டு வாரமாவது ஆகும்.”

“ரெண்டு வாரமா?” என்றாள் லூர்துராணி.

“அதுக்குள்ள உங்க ஜி.எம். லாரி பிடிச்சிருவாரு. நான் என்ன பண்றது?”

ரெங்கநாதன் தரையைப் பார்த்தார். கனி ஏசியைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் நான்கு பேருக்கும் விசாரணைக் காகிதம் வரலாம். சொல்லாவிட்டால் செபஸ்தியானுக்கு ஃபவுண்டரி நிச்சயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“சார், கொஞ்சம் எழுந்திரிங்க” என்றான் செபஸ்தியான்.

“யாரு, நானா?”

“நீங்கதான்.”

ரெங்கநாதன் எழுந்தார். செபஸ்தியான் நாற்காலியை உருட்டித் தள்ளினான். அடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள். மஃப்ளரின் நுனி படபடத்தது.

“இது ஒண்ணு” என்றான். “தயிருக்கு. பெட்டிக்குப் பின்னால ஒண்ணு இருக்கு, அது என்னோடது, சோடாவுக்கு. மீதி ரெண்டையும் அவங்கவங்க காட்டிடுங்க.”

லூர்துராணி மேஜையை நகர்த்தினாள். கனி “யா அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டே ஏசிக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

தர்மராஜ் நான்கையும் பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று செபஸ்தியான் பயந்தான். தோள் குலுங்கியது சிரிப்பில்.

“பென்சில் ரப்பர் தேய்ஞ்சே போச்சுய்யா!” என்றான் மூச்சு வாங்க. “பெங்களூர்லேர்ந்து சென்ஸார் வரவழைச்சேனே! மெஷின் வாரம் பூரா சூடு சூடுன்னு கத்துது, நாலு பேரும் தயிரையும் பூவையும் குளிர வச்சுக்கிட்டு... கடைசிப் பலகைய எடுத்தது யாரு? ஒண்ணுதான் மிச்சம்னு தெரிஞ்சும் எடுத்திருக்கணுமே?”

“நான் எடுக்கறச்சே மூணு இருந்துது.”

“நான் எடுத்தப்பவும் மூணு இருந்துச்சு சார், மாதா சத்தியமா” என்றாள் லூர்துராணி.

“எனக்குக் கண்ணே சரியாத் தெரியாது தம்பி.”

அந்தக் கேள்விக்கு அந்தத் தொழிற்சாலையில் இன்றுவரை பதில் கிடையாது.

பலகைகள் இடம் மாறின. மெஷினை எழுப்பினார்கள். நான்கு பேரும் வேலை எதுவும் செய்யாமல் கன்சோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நிற்கிற நேரம் வந்தது, போனது. கன்சோல் வாயைத் திறக்கவில்லை. ரெங்கநாதன் மஃப்ளரைக் கழற்றி மடித்து வைத்தார். சாயந்திரம் ஜி.எம். எட்டிப் பார்த்து, என்ன கோளாறு என்று கேட்டார்.

“காற்றோட்டம் சார்” என்றான் தர்மராஜ், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். “சரி பண்ணியாச்சு.”

“நாளைக்குக் கணக்கு வருமா?”

“நடுவுல நிக்காம ஓடினா விடியறதுக்குள்ள வந்துரும்.”

“வந்தா பெட்டி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் தலை மறைந்ததும் தர்மராஜ் திரும்பினான். “நடுவுல நிக்காம ஓடணும்னா உள்ள ஒரே ஆள்தான் இருக்கணும், ராத்திரி ஷிப்ட் செபஸ்தியான். கதவத் திறந்தா குளிர் வெளிய போயிடும், வேற யாரும் எதுக்காகவும் திறக்கக் கூடாது. தண்ணி குடிக்க, எட்டிப் பார்க்க, தயிர் எடுக்க, எதுக்குமே. வெளியிலேர்ந்து பூட்டிடுங்க.”

“அண்ணன் அவசரமா வெளியில வரணும்னா?” என்றாள் லூர்துராணி.

“போன் இருக்கு. வாட்ச்மேன் வந்து திறப்பாரு.”

ரெங்கநாதன் சாவியை எடுத்தார். செபஸ்தியான் செருப்பை வாசலில் கழற்றினான். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஃபவுண்டரியின் புகைக்கூண்டு சிவந்து கொண்டிருந்தது. சாயந்திர ஷிப்ட் ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவன் இவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். இவனும் ஆட்டினான்.

“ஓய், சட்டைப்பைய உதறிக் காட்டும்” என்றார் ரெங்கநாதன்.

உதறிக் காட்டினான். ஒன்றுமில்லை.

“நீர் என்னை எழுப்பி நாற்காலியத் தள்ளினத நான் மறக்கமாட்டேன். நாளைக்குப் பேசிக்கறேன்.”

“பேசுங்க சார். நாளைக்கும் நான் இங்கதானே இருப்பேன்.”

ரெங்கநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே குளிர் முகத்தில் வந்து மோதியது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது, சாவி இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டியது.