ஊசிக்கு ஜப்பானில் ஹரி என்று பேர்

டெல்லியில் ஏஷியாட் நடந்த வருஷம். ஜனக்புரியில் வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சேஷுவும் டிவி வாங்கத்தான் போனார். வசந்த் விஹாரில் ஒரு ஜப்பானியக் குடும்பம் ஊருக்குத் திரும்பப் போகிறது, சாமான்களையெல்லாம் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்று அவருடைய பாங்கில் யாரோ சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ஒரு நீளப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

"டிவி எங்கேன்னா?" என்றாள் ருக்கு.

"நான் போறதுக்குள்ள போயிடுத்து. அந்த அம்மா பாவம், சிரிச்சுண்டே இதைக் காட்டினா. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. ஸ்வெட்டர் பின்ற மெஷினாம். நீதான் கை வலிக்கறது, கை வலிக்கறதுன்னு பின்னிண்டே இருக்கியே."

ருக்கு பெட்டியைத் தானே கீழே இறக்கி வைத்தாள். கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து வந்த முதல் குளிரில், கீழ் வீட்டு பம்மியிடம் பின்னல் கற்றுக்கொண்டவள் அவள். பம்மி ஒரு வாரத்தில் முடிக்கிற ஸ்வெட்டர் ருக்குவுக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகும். சேஷு போட்டுக்கொள்ளும்போது ஹோலி வந்து குளிரே போய்விடும்.

பெட்டிக்குள் ஒரு நீண்ட இரும்புப் பலகை, அதில் வரிசையாக ஊசிகள், மேலே இஸ்திரிப்பெட்டி மாதிரி பிடியோடு இங்கும் அங்கும் ஓடுகிற ஒரு வண்டி. கூடவே விளக்கப் புத்தகம். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஜப்பானிய மொழி. ஓர் இங்கிலீஷ் எழுத்துகூட இல்லை.

"படம் போட்டிருக்கானே, பார்த்தாப் புரியாதா?" என்றார் சேஷு.

படத்தில் ஒரு கை இருந்தது, ஓர் அம்புக்குறி இருந்தது. ருக்கு அதைப் பார்த்து வண்டியைத் தள்ளினாள். கம்பளி நூல் ஊசிகளில் சிக்கி, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஏறி வந்து பார்த்த பம்மி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "ருக்மணி ஜி, கபாடிவாலாவைக் கூப்பிடு. இரும்பு விலைக்காவது போகும்."

அந்தப் புத்தகத்தில் என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் மெஷினைத் தூக்கிப் போட ருக்குவுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேஷுவை இழுத்துக்கொண்டு தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனாள். என்ஜினீயரிங் கைடுகளுக்கு அடியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் அகப்பட்டது. இங்கிலீஷ் வழியாக ஜப்பானிய மொழி கற்பது எப்படி என்பது. கப்பலில் பிரயாணம் செய்கிறவர்களுக்காக என்றைக்கோ யாரோ எழுதியது.

"முப்பத்தொம்பது வயசுல பரீட்சைக்குப் படிக்கப் போறியா?" என்றார் சேஷு.

"ஹிந்திப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன். கத்தரிக்காய் வாங்கத் தெரிஞ்சுதா? இது பரீட்சைக்கு இல்லை. மெஷினுக்கு."

முதல் ஆச்சரியம் எழுத்து வரிசை. அ, இ, உ, எ, ஒ என்று ஆரம்பித்தது. அடுத்த வரி க, கி, கு, கெ, கொ. ருக்கு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தாள். யாரோ பழக்கமானவர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எழுத்து மனதில் பதிவதற்காகச் சமையலறை டப்பாக்களில் ஜப்பானிய எழுத்தில் பருப்பு, சீரகம், ஓமம் என்று எழுதி ஒட்டினாள். பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள் வசுதா அவசரமாக டீ போடப் போய், டீத்தூள் என்று நினைத்து ஓமத்தைக் கொதிக்க வைத்தாள்.

"அம்மா, யே க்யா ஹை? எனக்குத் தமிழே படிக்க வராது. இப்ப இது வேறயா?"

"குடி, வயத்துக்கு நல்லது," என்றாள் ருக்கு.

எழுத்து வந்ததே தவிர, வாக்கியம் வரவில்லை. புத்தகம் எழுதிய துரை ஒவ்வொரு வாக்கியத்தையும் துண்டு துண்டாக வெட்டி, இங்கிலீஷில் மாற்றி அடுக்கிக் காட்டியிருந்தார். ஜப்பானிய மொழியில் எல்லாமே தலைகீழாக வரும், மாணவர் பொறுமை இழக்கக் கூடாது என்று அடிக்கடி எச்சரித்தார். ருக்கு தலையைப் பிடித்துக்கொண்டு நாளைக் கழித்தாள். ஒரு மத்தியானம் பால்கனி வெயிலில் பட்டாணி உரித்துக்கொண்டே வாய்க்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். 'வதாஷி வா ஓசாகா காரா டோக்கியோ எ இகிமாஸ்.' நான், ஓசாகாவில், இருந்து, டோக்கியோ, வுக்கு, போகிறேன்.

பட்டாணியை வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு வார்த்தையும் இடம் மாறவில்லை. 'இருந்து' ஊர்ப் பெயருக்குப் பின்னால் வந்தது, 'கு' பின்னால் வந்தது, வினை கடைசியில் வந்து உட்கார்ந்தது. தலைகீழாக இருந்தது துரைக்குத்தான். அவள் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள். இங்கிலீஷை நடுவிலிருந்து தள்ளிவிட்டுத் தமிழை வைத்துப் படித்ததும், பாடத்துக்குப் பாடம் கதவு திறந்துகொண்டே போனது. அன்றைக்கு அவள் தனியாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சேஷு வந்ததும் சொன்னாள்.

"ஏன்னா, இவா நம்மளை மாதிரியே பேசறா."

"யாரு?"

"ஜப்பான்காரா. வார்த்தைதான் வேற. பேச்சு நம்ம பேச்சு."

சேஷு ஷூவைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "அச்சா, அப்ப எனக்கும் ஒண்ணு சொல்லிக் கொடு," என்றார். மறுநாள் மறந்துவிட்டார்.

விளக்கப் புத்தகத்தில் அதிகம் வந்த வார்த்தைகளை முதலில் பிடித்தாள். நூலுக்கு 'இத்தோ'. ஊசிக்கு 'ஹரி'. காலையில் குக்கர் வைத்துவிட்டு, "ஹரி... ஹரி ஓ... ஹரி நி..." என்று வேற்றுமை உருபு சேர்த்து உருப்போடுவாள். ஒருநாள் மேல் வீட்டுக் கல்யாணராமன் படியில் சேஷுவை நிறுத்தினார். ரிட்டயரான அதிகாரி, சனிக்கிழமை பஜனை நடத்துகிறவர்.

"உங்காத்துல நாமஜபம் ஆரம்பிச்சாச்சு போலிருக்கே. காலங்கார்த்தால காதுல விழறது. ருக்குவை சனிக்கிழமை வரச் சொல்லுங்கோ."

"அது ஊசி மாமா," என்றார் சேஷு.

"எது?"

"ஹரின்னா ஜப்பான்ல ஊசி."

கல்யாணராமன் சற்று யோசித்தார். "எந்த பாஷையில சொன்னாலும் புண்ணியம்தான்," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

பின்னலின் கண்ணிக்கு ஜப்பானியர் 'மே' என்று சொன்னார்கள். மே என்றால் கண். 'கண்ணைக் கீழே போடாதீர்கள்' என்ற வாக்கியம் புரிந்தபோது, ருக்கு பம்மியைக் கூப்பிட்டு ஹிந்தியில் சொல்லிக் காட்டினாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்திர எழுத்துகள்தான் படுத்தின. அவற்றை எந்த அகராதியில் எப்படித் தேடுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை. படத்தோடு பொருத்திப் பார்த்து ஊகித்தாள். சில ஊகம் பலித்தது.

டிசம்பரில் குளிர் இறுகியபோது, இனி தைரியமாக ஆரம்பிக்கலாம் என்று நம்பிக்கை வந்தது. சேஷு, வசுதா, பம்மி மூவரும் சுற்றி நிற்க, நூலைக் கோத்து வண்டியைத் தள்ளினாள். கர்ரென்று போயிற்று. கர்ரென்று வந்தது. நீல நிறத் துணி பலகைக்குக் கீழே விரல் விரலாக வளர்ந்தது. பம்மி, "வாஹ்," என்றாள். ஒரு முழம் வளர்ந்ததும், புத்தகத்தில் சொன்னபடி ஒரு நெம்புகோலை மாற்றி மறுபடி தள்ளினாள். துணி மொத்தமும் ஊசிகளை விட்டுக் கழன்று பொத்தென்று தரையில் விழுந்தது.

பம்மி, தன்னுடைய மைத்துனர் திலக் நகரில் பழைய சாமான் கடை வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னாள். சேஷுவும், "போனாப் போறது ருக்கு. இவ்வளவு படிச்சதே பெரிசு," என்றார். ருக்குவுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் உள்ளே போய்ச் சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். தேவைக்கு மேலேயே பிசைந்தாள்.

மறுநாள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, புத்தகத்தைப் பால்கனிக்கு எடுத்துப்போய் அந்தப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். வலது, இடது என்பதற்கான இரண்டு சித்திர எழுத்துகளும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. இரண்டுக்கும் மேல்பாதி ஒன்றேதான். கீழ்ப்பாதியில் ஒன்றுக்குச் சின்னச் சதுரம், இன்னொன்றுக்கு இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு தூண். அவள் வலதை இடமாகப் படித்து, நெம்புகோலைத் தப்புப் பக்கம் திருப்பியிருந்தாள். அந்தச் சதுரம் வேறொரு பாடத்தில் தனியாக வந்திருந்தது. வாய் என்று அர்த்தம். வலது கையால்தானே சாப்பிடுகிறோம். வாய் இருக்கிற எழுத்து வலது. அதற்குமேல் அவளுக்கு அது மறக்கவே இல்லை.

வசுதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஒரு ஸ்வெட்டரின் முதுகுப்பாகம் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வசுதா பையைக்கூட இறக்காமல் நின்றாள். "அம்மா, நிஜமாவே படிச்சுட்டியா?" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. பம்மி வந்து தொட்டுப் பார்த்து, தனக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

ஜனவரியில் நூல் வாங்க ருக்கு கரோல் பாகுக்குப் போனாள். அவள் எப்போதும் வாங்குகிற கம்பளிக் கடையில் ஒரு ஜப்பானியப் பெண் நின்றிருந்தாள். குட்டை முடி, கையில் ஒரு குழந்தைத் தொப்பி. விரல்களை அகட்டி அகட்டிக் காட்டினாள். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் இன்னும் மெல்லிய நூலாக எடுத்துப் போட்டார். மேஜை மேல் நூல் மலையாகிவிட்டது. அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தாள்.

ருக்கு ஒரு ஜப்பானியரின் குரலைக்கூட அதுவரை நேரில் கேட்டதில்லை. வாய்க்குள் ஒருதரம் அடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஃபுதோய் இத்தோ தெஸ் கா?" தடிமனான நூலா?

அந்தப் பெண் திரும்பினாள். கண்கள் விரிந்தன. பிறகு மடை திறந்த மாதிரி பேசத் தொடங்கினாள். ருக்குவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மெதுவாகப் பேசச் சொல்ல வேண்டும். 'மெதுவாக' என்ற சொல் வருகிற, அவளுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் மெஷின் புத்தகத்தில் இருந்தது. அதை அப்படியே சொன்னாள்: "யுக்குரி உகொகாஷிதே குதாசாய்."

'வண்டியை மெதுவாக நகர்த்தவும்' என்று அர்த்தம். அந்தப் பெண் ஒரு நொடி விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ருக்குவும் சிரித்தாள். எங்கே படித்தீர்கள் என்று அவள் நிறுத்தி நிறுத்திக் கேட்டது புரிந்தது. பதிலாக, மெஷின் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ருக்கு ஒப்பித்தாள்: உபயோகித்த பின் எண்ணெய் போட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கடைக்காரர் தடிமனான நூலை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார்.

அவள் பெயர் ஃபுமிகோ. குர்கான் பக்கம் வரப்போகிற ஒரு தொழிற்சாலை வேலையாகக் கணவர் வந்திருந்தார். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். ஃபுமிகோ டெல்லிக்கு வந்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே சிரித்தது அன்றைக்குத்தான் என்று பின்னால் சொன்னாள். அவளும் அவளுடைய கைக்குழந்தையும் புதன்கிழமைகளில் வசந்த் விஹாரிலிருந்து ஜனக்புரிக்கு வர ஆரம்பித்தார்கள். ருக்கு பேசுவது, மெஷின் ஒன்று மனுஷருக்கு உத்தரவு போடுவது போல் இருக்கிறது என்று ஃபுமிகோ சொல்லித் திருத்தினாள். அகராதியில் சித்திர எழுத்தைத் தேடும் வழி காட்டினாள். பதிலுக்கு ருக்கு அவளுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்தாள்.

ஒரு புதன்கிழமை சேஷு லீவில் இருந்தார். ருக்குவும் அவரும் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த ஃபுமிகோ, இது ஹிந்தி இல்லையே என்றாள். தமிழ், எங்கள் வீட்டுப் பேச்சு என்றாள் ருக்கு. ஓசாகா, டோக்கியோ வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, துண்டுக்குத் துண்டு பொருத்திக் காட்டினாள். ஃபுமிகோ அதைத் தானும் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஊரை மாற்றிச் சொன்னாள். "நான் ஜனக்புரியிலிருந்து வசந்த் விஹாருக்குப் போகிறேன்."

சேஷு காபியைக் கீழே வைத்துவிட்டார்.

ஹிந்தி பாடம் அதோடு பின்னுக்குப் போயிற்று. ஃபுமிகோ தமிழ் எழுத்தையும் கேட்டாள். அவள் 'அ' போட்டுப் பழகுவதை வசுதா முதலில் தூரத்திலிருந்து பார்த்தாள். "ஆன்ட்டி, சுழி உள்ளே போகணும்," என்று ஒருநாள் திருத்தப் போய், அடுத்த எழுத்து தனக்கே தெரியாமல் திணறினாள். அடுத்த வாரம் அவளும் பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரலில் எல்லோருமாக மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனார்கள். கீழே செருப்பு விடுகிற இடத்தில் தமிழில் ஒரு பலகை இருந்தது. ஃபுமிகோ குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "செ... ரு..." என்று ஆரம்பித்தாள். வசுதா, "இருங்க ஆன்ட்டி, நான்," என்று முந்திக்கொண்டு இரண்டாவது சொல்லில் மாட்டிக்கொண்டாள். "சொல்லாதே அம்மா," என்று எச்சரிக்கை வேறு. ருக்கு வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள். சேஷு ஃபுமிகோ பக்கம் சாய்ந்து ஏதோ கிசுகிசுத்ததை வசுதா பார்த்துவிட்டு, "அப்பா, சீட்டிங்," என்றாள்.

அவர்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. வெயிலில் தகிக்கிற கல்லில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த ஒரு மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"படிச்சது போறும்டி குழந்தே. வழியை விடுங்கோ, காலு பொசுங்கறது."

"ஒரே ஒரு எழுத்து, மாமி," என்றாள் வசுதா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.