மொட்டைமாடித் தண்ணீர்

"டெய்லரம்மா வீட்டைக் காலி பண்ணணும்கிறவங்க கை தூக்குங்க!"

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் தலைவர் கேட்டார்.

அந்தக் குடியிருப்பே அவர் கனவு. தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெரிய வீடு சின்ன வீடு பேதமில்லை, எல்லோருக்கும் ஒரே அளவு என்று சட்டம் போட்டவர் அவர். மாடிப்படிச் சுவரில் 'உண்மை, சமத்துவம், இரக்கம்' என்று பெயிண்டில் எழுதவைத்தவரும் அவரே. அவரை நம்பித்தான் மொட்டைமாடித் தொட்டியின் வால்வுப் பூட்டுக்குச் சாவி கொடுத்திருந்தார்கள்.

அப்படியும் தண்ணீர் குறைந்தது. யாரோ திருடுகிறார்கள்!

டெய்லரம்மாவின் பால்கனியில் எந்நேரமும் ஈரத்துணி தொங்கியது. போதாதா?

"வெட்டறதுக்கு முன்னாடி துணியை நனைச்சே ஆகணும் அண்ணே. இல்லேன்னா தைச்சப்புறம் சுருங்கிடும். என் பங்குத் தண்ணியிலதான் நனைக்கிறேன். அதுக்காகக் குளிக்காமக்கூட இருந்திருக்கேன்" என்றாள் அவள்.

"அதான் வாசனை கீழ்வீடு வரைக்கும் வருதே!"

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனின் ஜோக்குக்குக் கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். வாய் கசந்தது.

ஏனென்றால், திருடன் அவர்தான்.

படுத்த படுக்கையான மாமனாரின் விரிப்புகளை அலச ஒரு பங்கு போதவில்லை. கூடுதலாகக் கேட்டால் அது சலுகை. சட்டம் போட்டவனே காலி வாளியோடு போய் நிற்பதா? கேட்கக் கூச்சப்பட்டவர், எடுக்கக் கூச்சப்படவில்லை. எல்லோரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து வால்வைத் திறந்தார்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மூலையில் அவர் மனைவி. விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து வெடித்துப்போன அவள் கைகள் மட்டும் மடியைவிட்டு எழவில்லை. கண்கள் அவரையே பார்த்தன.

"எண்ணுங்க தலைவரே, நேரமாகுது!"

"கையை இறக்குங்க." குரல் அவருடையதுபோலவே இல்லை. "தண்ணி எடுத்தது நான்."

காரணத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். இனி காறித் துப்புவார்கள் என்று தலை குனிந்தார்.

"அட, என்ன தலைவரே நீங்க!" எலக்ட்ரீஷியன்தான். "கேட்டிருந்தா ஆளுக்கொரு வாளி குடுத்திருக்க மாட்டோமா? பெரியவருக்காகத்தானே, விடுங்க."

கூட்டம் 'ஆமாம்' போட்டது. அவ்வளவுதான், முடிந்தது! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

டெய்லரம்மா எழுந்தாள்.

"எடுத்தேன்னு அவர் சொன்னாரு, உடனே விட்டுட்டீங்க. எடுக்கலேன்னு நான் கரடியாக் கத்தினேனே, ஒருத்தராவது நம்பினீங்களா? நீங்க ஒண்ணும் வெளியேத்த வேணாம். நானே போறேன்."

"அவசரப்படாதீங்கக்கா..." என்ற எலக்ட்ரீஷியனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவளும் அவள் தம்பியும் தையல் மெஷினைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார்.

"கையை எடுங்க சார்."

நேற்றுவரை அவர் அண்ணன்.

"வழியை மட்டும் விடுங்க" என்றாள்.

அவர் மாடிப்படிக் கைப்பிடியோடு ஒட்டி நின்றார். மெஷின் அவர்மேல் உரசாமல் இறங்கிப்போனது.