சாமிக்குக் காட்டாத மருமகள்

செத்துப்போன மகளின் உயிரை ஓடையிலிருந்து அழைத்துவர மருமகன் வீட்டில் ஒரு பானைகூட எடுத்து வைக்கவில்லை என்பதை ஜைத்துபாய் வாசலிலேயே பார்த்துவிட்டாள். போன வருடம் அந்த வீட்டுக் கிழவன் செத்தபோது மேளத்தோடு போனவர்கள்தான். தண்ணீரில் இறங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் அகப்பட்ட முதல் மீனை அவன் உயிரென்று பானையில் ஏந்தி வந்து, குலசாமிகளோடு சேர்த்துக் கூத்தாடியவர்கள். மகள் மான்குபாய்க்கு மட்டும் ஒன்றுமில்லை. அடுப்பில் எப்போதும்போல் சோளக்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க குலத்து ஏழு சாமிக்கும் அவள இன்னும் காட்டலையே, சம்மந்தி," என்றாள் மருமகனின் தாய். கூழைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "காட்டாத பொண்ண எப்படிச் சேக்கிறது? இது யாருன்னு சாமி கேக்காதா?"

"காட்டாம விட்டது யாரு? மருமகளச் சாமிக்குக் காட்டுற ஒரு திருவிழாவுக்கு வண்டி மாட்டுக்குக் கால் சரியில்லன்னீங்க. அடுத்ததுக்குப் பருத்தி எடுக்க ஆளில்லன்னீங்க. பருத்திக்கு மட்டும் எம்பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணா?"

"காமாலை வந்து அவ போயிருவான்னு யாரு கண்டா?"

"விடுங்கத்தே," என்று தலையைச் சொறிந்தான் மருமகன் சோம்ஜி. அவனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள் என்ற சேதி ஜைத்துபாய்க்கு வழியிலேயே கிடைத்திருந்தது. இந்தத் திருவிழாவுக்கு மாட்டின் கால் நன்றாகத்தான் இருக்கும்.

சொந்த ஊருக்குத் திரும்பிக் கொழுந்தனிடம் போய் நின்றாள். அவன்தான் இவர்கள் குலத்து நான்கு சாமிக்கும் பூசை செய்கிறவன்.

"இங்க பொறந்தவதானே? இங்கயே சேத்துக்க."

"கட்டிக்குடுத்த அன்னிக்கே அவ ஏழு சாமிக்காரி ஆயிட்டா, அண்ணி. அடுத்த சாமி வீட்டு உயிர நம்ம வாசல்ல ஏத்துனா ஊருக்கே ஆகாது."

புருஷன் லச்சு பீடியைப் பற்றவைத்தான். 

சேர்க்காத உயிர் பசியோடு எல்லையில் அலையும். பேயென்று பெயர் வாங்கும். அப்போது இதே ஆட்கள் ஒன்றுகூடி வேப்பிலையும் விளக்குமாறும் எடுத்து அதை விரட்டுவார்கள். அதற்கு மட்டும் எந்தச் சாமி வீடு என்ற கேள்வி வராது. ஜைத்துபாய் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு தனியாகவே ஓடைக்குப் போனாள்.

"மான்கு, வாடி. ஆத்தா கூப்பிடுறேன்."

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது விரல் நீள மீன் ஒன்று செம்புக்குள் தானாக நுழைந்தது. ஜைத்துபாய் வாய்விட்டு அழுதாள். கரையேறியதும் நின்றுவிட்டாள். பிடித்தாயிற்று, கொண்டுபோக வீடில்லை.

சில வீடுகளில் அந்த மீனைத் தின்பதுண்டு. போனவர் அங்கேயே திரும்பப் பிறப்பார் என்பார்கள். அதற்குப் பிள்ளை பெறுகிற வயிறு ஒன்று வேண்டும். ஜைத்துபாய்க்குத் தூரம் நின்று நாளாகிவிட்டது.

செம்பைத் தூக்கி அண்ணாந்தாள். தொண்டையில் மீன் துடித்தது, கண் பிதுங்கியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அது இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.