முப்பத்தாறாவது கிலோமீட்டர்

ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கிற ஆள். முப்பத்தைந்து வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான்.

அவரோடு வேலை பார்த்தவன் அவர் மனைவியின் தம்பி. கம்பிக்கூண்டுக்குள் இறங்கினால் இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வான். அதனால் அவனுக்கு டார்ச் என்றே பெயர். இருபத்திரண்டு வருடம் ஒரே பை, ஒரே சாப்பாட்டு நேரம், ஒரே சண்டை.

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் இரும்புக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மாடியில் லிஃப்டின் தலைமேல் இருவரும் நின்றிருந்தபோது டார்ச் சொன்னான்.

"மாமா, நெஞ்சுல என்னமோ புடிச்ச மாதிரி இருக்கு."

"வாயுவா இருக்கும் மாப்ள. இந்த ஒரு கயித்த மாட்டிட்டு இறங்கிடலாம்."

இருபது நிமிடத்தில் கயிற்றை மாட்டி முடித்தார்கள். அதன் பிறகு அவன் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். வெளியே வந்து மனைவியிடம் அவர் சொன்னது, "திடீர்னு சாஞ்சிட்டான்" என்பது மட்டும்தான்.

அன்றும் சரி, பிறகும் சரி, அவருக்கு அழுகை வரவில்லை. எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தார். "அவர் மட்டும் இப்படித் தாங்கலேன்னா குடும்பம் என்ன ஆயிருக்கும்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். உள்ளே எதுவும் இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது. சோறு தொண்டைக்குள் இறங்கியது, தூக்கம் வந்தது, விடிந்தது.

அடுத்த மாதம் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நடக்கச் சொன்னார்கள். நடந்தார். நடக்கிறவனை எல்லோரும் நிறுத்துவார்கள். "மச்சினன் விஷயம் கேள்விப்பட்டேன், எப்படி ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். ஒருநாள் எதிரே மருந்துக்கடைக்காரர் வருவதைப் பார்த்ததும் கால் தானாக வேகமெடுத்தது. மருந்துக்கடைக்காரர் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஓடுகிறவனை யாரும் நிறுத்தித் துக்கம் விசாரிப்பதில்லை. அதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஓடினார்.

முதல் வாரம் தபால் நிலையம்வரை. பிறகு பாலம். பிறகு பாலம் தாண்டி ஏரிக்கரைச் சாலை. அங்கேதான் கணக்கு வாத்தியார் பழக்கமானார். ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது, எலும்பும் தோலுமான உடம்பு. ஓடும்போதும் கூட்டல் பெருக்கல்தான்.

"லிஃப்டு, நீங்க ஒரு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது அடி வைக்கிறீங்க. நூத்தி அறுபது வைக்கணும்."

"வெச்சா?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான் ஓடலாம். ஆறு மணி நேரம் குடுக்கறாங்க. பேர் குடுத்துடுவோமா?"

லிஃப்ட்காரர் சரி என்றார். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் வேண்டுமே.

பதினாலு மாதம் சேர்ந்து ஓடிப் பழகினார்கள். ஒருநாள் அவர் காலுறையில் ரத்தம் ஊறியிருப்பதை வாத்தியார்தான் பார்த்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், வலிக்கலியா?"

"தெரியல வாத்தியாரே."

வாத்தியார் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்.

வீட்டில் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் அவள். தம்பி போனபின் பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். அவர் ஓடிவிட்டு வந்தால் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்புவாள். அவர் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவாள். அவ்வளவுதான்.

பந்தயத்தன்று இருவரும் ஒன்றாகவே ஓடினார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் வாத்தியார் கணக்குப் போட்டு, "பதினொரு நிமிஷம் மிச்சம் வெச்சு முடிச்சிடுவோம்" என்றார். முப்பத்தி நாலில் அவர் பேச்சு நின்றது. முப்பத்தாறாவது பலகைக்குப் பக்கத்தில் நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா சரியாயிடும்."

லிஃப்ட்காரர் நின்றுவிட்டார். வாத்தியாரின் தோளைப் பிடித்து நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்தார்.

"விடும்யா, நேரம் போகுது!"

"உக்காருங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

"உக்காருங்கன்னா உக்காருங்க." அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. எழ முயன்றவரை இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொண்டர் ஒருத்தி ஓடி வந்தாள், ஆம்புலன்ஸ் வந்தது. அவரும் கூடவே ஏறிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. வெயிலும் உப்புக் குறைச்சலும்தான் என்றார்கள். வாத்தியார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவரைப் பார்த்தார்.

"பதினாலு மாசம். ஆறே கிலோமீட்டர். கெடுத்துட்டீரே ஐயா."

"ஆமா."

"ஆமாவாம்!" வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மகள் வந்து சேரும்வரை லிஃப்ட்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நல்லவேளை என்றோ, சே என்றோ ஏதாவது தோன்றுமா என்று பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிற்பகல். மனைவி வாளியில் வெந்நீர் ஊற்றி அவர் காலடியில் வைத்தாள்.

"முடிச்சீங்களா?"

"இல்ல. முப்பத்தாறுல நின்னுட்டேன்."

"ஏன்?"

வாத்தியார் நெஞ்சில் கை வைத்ததைச் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. ஏழாவது மாடி, கடைசிக் கயிறு, வாயு என்று தான் சொன்னது, டாக்டர் தனியே கூப்பிட்டது எல்லாவற்றையும், ஒரு பழுதுக்கு அறிக்கை எழுதுகிற மாதிரி, வரிசையாகச் சொல்லி முடித்தார்.

அவள் கையில் துண்டு அப்படியே இருந்தது.

"உக்காந்திருந்தானா, படுத்திருந்தானா?"

"உக்காந்திருந்தான். என் தோள்ல சாஞ்சுக்கிட்டு."

"எதாவது சொன்னானா?"

"ஸ்பானர எடுத்து வெச்சுக்கோங்க மாமா, கீழ விழுந்துடப் போகுதுன்னான்."

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. துண்டை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஆறும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

ஒன்பது நாள் அவள் பேசவில்லை. சமைத்தாள், அலுவலகம் போனாள், வந்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கைப்பையோடு வந்து நின்றாள்.

"தம்பி பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"எப்ப?"

"இப்ப. சட்டைய மாத்துங்க. நானும் வர்றேன்."

டார்ச்சின் மனைவி கதவைத் திறந்து, "வாங்கண்ணே, வாங்க அண்ணி" என்று உட்காரவைத்தாள். தையல் மெஷினில் பாதி தைத்த திரைச்சீலை தொங்கியது. அவர் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் திரைச்சீலையை மெஷினிலிருந்து எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"காலைல கிளம்பும்போதே என்கிட்ட சொன்னாரு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு" என்றாள். "லீவு போடுங்கன்னேன். மாமா தனியா கஷ்டப்படுவாருன்னு போனாரு." திரைச்சீலையை மெஷின்மேல் வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்கண்ணே. நானா கூப்பிடறேன்" என்றாள்.

"சரிம்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எத்தனையோ இருக்கை காலியாக இருந்தும் மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாத்தியார் பேசறாரா?" என்றாள்.

"இல்ல. நேத்து எதிர்ல வந்தாரு. பாக்காத மாதிரி போயிட்டாரு."

"அடுத்த வருஷம் பேர் குடுப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

"தெரியல" என்றார்.

"ம்" என்றாள் அவள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். நடத்துநர் வந்து கேட்டபோது, அவளே இரண்டு டிக்கெட் வாங்கினாள்.