எழுத்து தெரியுதா?

"எழுத்து தெரியுதா?"

ரீத்தா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். உள்ளே ஜான்ரோஸ் வயிற்றுக் குழாயை மூடிவிட்டு, பைக்கு அடியில் தெரிந்த வரிகளை ராகத்தோடு வாசிக்க ஆரம்பித்தார். அவள் ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி சொன்னாள்.

முட்டத்தில் அந்த ஒரு வீட்டில்தான் நாளுக்கு நாலு தடவை இப்படி நடக்கும். ஜான்ரோஸின் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஏழு வருடமாகிறது. வயிற்றில் வைத்த குழாய் வழியே ஒரு பை மருந்துத் தண்ணீர் உள்ளே போகும். நாலைந்து மணி நேரம் உள்ளே கிடந்து, உடம்பின் அழுக்கை வாங்கிக்கொண்டு, வேறொரு பைக்குள் வெளியே வரும். வந்த தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அச்செழுத்தின் மேல் பையை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நர்ஸ் லீலாபாய். எழுத்து வாசிக்க வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

அச்செழுத்துக்கு அந்த வீட்டில் ஜெபப்புத்தகம்தான். ஜான்ரோஸ் ஊர்க்கோயில் உபதேசியார். குருவானவர் வராத வீடுகளிலெல்லாம் முன்னால் முழந்தாளிட்டு ஜெபம் சொல்கிறவர். மனைவி ரீத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அவர் வாசிப்பார், அவள் மறுமொழி சொல்வாள்.

போன வருடம் இரண்டு தடவை கலங்கி, மருந்தில் தெளிந்தது. அப்போதே டாக்டர் சொல்லிவிட்டார்: "ஏழு வருசமாச்சு உபதேசியாரே. வயித்துக்குள்ள உள்ள சவ்வு தடிச்சிட்டு. இனி ஒரு தடவ கலங்கி, மருந்துல தெளியலேண்ணா குழாய எடுத்திருவேன். பெறவு வாரம் மூணு நாளு இஞ்ச வந்து ரத்தம் சுத்தம் பண்ணுத மெஷின்ல படுக்கணும். கலங்குனத கவனிக்காம வீட்டுல இருந்தா உயிருக்கே ஆபத்தாக்கும்."

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எழுத்து வாசித்து முடித்ததும், ஜான்ரோஸ் சோறு வேண்டாம் என்றார்.

"சாளைக்கறி வச்சிருக்கேன். அதும் வேண்டாமா?"

"வாயு, ஏட்டி. மத்தியானம் நீ தந்த மரச்சீனிக்கிழங்கு செய்த வேல."

"இருவத்தெட்டு வருசமா எனக்க கிழங்கத்தான் தின்னுதிய. இண்ணைக்கா வாயு வந்து? வெள்ளம் எப்படி இருக்கு?"

"தெளிவு. நான் வாசிச்சது கேக்கலியா?"

கேட்டிருந்தாள்தான். மாதா மன்றாட்டு மாலை, ஒரு சொல் பிசகாமல்.

அவர் கட்டிலில் சாய்ந்ததும், பையை எடுத்து ஊற்றலாம் என்று ரீத்தா உள்ளே போனாள். மேசையில் விரித்த புத்தகத்தின் மேல் பை கிடந்தது. தூக்கினாள். அடியில் ஒரு படம். மறுபடியும் பையை அதன் மேல் வைத்தாள். படத்தைக் காணோம். கஞ்சித்தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல எல்லாம் மறைந்துவிட்டது.

"லிஜாக்க அப்பா, இஞ்ச வாங்க. இது எந்தப் பக்கம்?" மகள் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"மன்றாட்டு மாலை."

"அதுல மாதால்லா நிப்பா? இவரு அந்தோனியாரு. கையில பிள்ளைய வச்சிருக்காரு."

"மாதாவும்தான் பிள்ளைய வச்சிருப்பா."

"மாதாவுக்கு எந்த ஊருல மொட்டத்தல?"

அவர் எழுந்து வந்தார். பகலில் அடுத்த வீட்டுக் குளோரி வந்து செவ்வாய்க்கிழமை ஜெபம் வாசித்துவிட்டு, அந்தோனியார் பக்கத்தை விரித்தபடியே வைத்துப் போயிருக்கிறாள். அதன் மேல் பையை வைத்துத்தான் அவர் மாதா மன்றாட்டு மாலையை வாசித்திருக்கிறார்.

"கண்ணு வாசிக்குதுண்ணுதான் நெனச்சேன்," என்றார். "வாயி தன்னால சொல்லிட்டுப் போயிருக்கு."

"இண்ணைக்கு மட்டுமா?"

"நேத்தே கொஞ்சம் மங்கலாத்தான் இருந்து. கண்ணாடி மாத்தணும் போலண்ணு..."

"கண்ணாடியா? அதுக்காயிட்டா நேத்துத் தொட்டு பைய எனக்குத் தராம நீங்களே கொண்டு ஊத்துனிய?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"குழாய எடுத்துட்டா வாரம் மூணு நாளும் ஆஸ்பத்திரில கெடக்கணும். கோயிலுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுவாவ, ரீத்தா."

"செத்துப்போனா மட்டும் உங்களையே வச்சிருப்பாவளாக்கும்!"

அவள் லீலாபாய்க்குப் போன் போட்டாள்.

"பைய ஊத்தாண்டாம், அப்படியே கொண்டு வாங்க. அதுல உள்ள வெள்ளத்த டெஸ்ட் பண்ணணும். காய்ச்சல் உண்டா? வயறு வலிக்கா?"

ஸ்பீக்கரில் கேட்ட ஜான்ரோஸ் இல்லையென்று தலையாட்டினார். ரீத்தா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆளு இல்லேங்காரு. உண்டு சிஸ்டர், ரெண்டும் உண்டு. இப்பமே ஆட்டோ பிடிச்சு வாறோம்."

ஆஸ்பத்திரியில் மருந்தைப் பையிலேயே கலந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. தினமும் காலையில் லீலாபாய் பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்ப்பாள். நாலாம் நாள் தலைப்பெழுத்து தெரிந்தது, சின்ன எழுத்து தெரியவில்லை. ஐந்தாம் நாளும் அதே கதைதான்.

"இனி காத்திருக்கண்டாம். நாளைக்குக் குழாய எடுத்திரலாம்," என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா உங்களப் பாத்திருக்கவே முடியாது. உபதேசியாரம்மாவுக்குச் சொல்லணும் நன்றி."

டாக்டர் போனபின் ஜான்ரோஸ் லீலாபாய் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், வாரம் மூணு நாளுண்ணா எந்த மூணு நாளு?"

"செவ்வா, வியாழன், சனி. காலத்த ஏழு மணிக்கு வந்தா பதினொண்ணரைக்கு விட்டிருவோம்."

"ஞாயிறு?"

"ஞாயிறு மெஷினுக்கும் லீவாக்கும்."

"அப்ப ஞாயிறு பூசைக்கு நான் உண்டு."

ரீத்தாவுக்கு அப்போதுதான் கோபம் முழுசாக வந்தது. "இத மின்னயே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கப்பிடாதா? இதுக்காயிட்டா ரெண்டு நாளு..." முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டிருக்கலாம்," என்றார் அவர்.

"ஏழு மணிக்கு இஞ்ச நிக்கணும்ணா அஞ்சரை பஸ்சுக்கு வரணும்."

"நீயும் வாறியா?"

"பின்ன? உங்கள ஒத்தைக்கு விட்டா, வழியில யாரு வீட்டுலயாவது ஜெபம் சொல்ல எறங்கிருவிய."