ஒரு அங்குலம்

ஸௌம்யா பாடையின் பக்கவாட்டு மூங்கிலை இரண்டு கைகளாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். மேலே கிடத்தியிருந்த அப்பாவின் தோள் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது.

“ரெண்டு அங்குலம் ஆடறது,” என்றாள்.

முன்னால் வரிசை கட்டி நின்றிருந்த பிரபந்த கோஷ்டி திரும்பிப் பார்த்தது. மேளக்காரர் தூக்கிய குச்சியைத் தூக்கியபடியே வைத்திருந்தார். அண்ணன் ராம்ப்ரஸாத் ஈர வேட்டியும் நெருப்புச் சட்டியுமாகக் கிட்டே வந்தான்.

“என்னடி பண்றே?”

“கட்டினது சரியில்லைண்ணா. இடுப்புல பிடிப்பே இல்லை. மேலாக்க மட்டும் இறுக்கியிருக்கா.”

“இது உன் கார் இல்லை, ஸௌம்யா.”

“அது எனக்கும் தெரியும். அவிழ்க்கச் சொல்லு, நான் கட்டறேன்.”

கிடந்தவர் சக்ரவர்த்தி. எண்பத்திரண்டு வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். டம்ளரைக் கூடக் கவிழ்த்து வைத்திருந்தார். படுக்கை, ஆஸ்பத்திரி, ஊசி என்று யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. வந்தவர்கள் எல்லாம், “இப்படின்னா போகணும்!” என்று கொஞ்சம் பொறாமையோடுதான் சொன்னார்கள். அம்மா பூமா அழுது முடித்துவிட்டு, யார் யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அவர் கோயிலில் பெருமாளைத் தோளில் சுமந்தவர். முப்பது வருஷம் சுமந்து முழங்கால் போன பிறகு, வாகனத்தில் பெருமாளைக் கட்டுகிற வேலை அவரிடம் வந்தது. கருட வாகனமோ யானை வாகனமோ, அதைத் தூக்குகிறவர்கள் நேராக நடந்து போக மாட்டார்கள். தாழ்வார்கள், நிமிர்வார்கள், பக்கவாட்டில் ஆடுவார்கள், திடீரென்று ஓடுவார்கள். அத்தனைக்கும் மேலே இருக்கிற பெருமாள் அசையக்கூடாது. சக்ரவர்த்தி கட்டினால் பெருமாளின் மாலை ஆடும், பெருமாள் ஆடமாட்டார். அந்த விஷயத்தில் மனுஷருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்டவருக்குப் பூப்பல்லக்கு மாதிரி ஜோடித்த பாடையும், முன்னால் பிரபந்த கோஷ்டியும், பின்னால் மேளமுமாக ப்ரஹ்மரதம் வைப்பது வழக்கம். அதுவும் போதாதென்று அவருடைய சகாக்கள், பெருமாளை வீதியுலாவுக்கு ஏளப்பண்ணுகிற அதே நடையில்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தோள்துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அவர்கள் முகத்தில் துக்கத்தைக் காட்டிலும் உற்சாகம்தான் அதிகமாகத் தெரிந்தது.

ஸௌம்யா பாடையை ஆட்டிப் பார்த்தது அதனால்தான். அப்பாவுக்கு இருந்த ஒரே பயம் அவளுக்குத் தெரியும். “கடைசில கட்டத் தெரியாத எவனாவது என்னைக் கட்டி, தெருமுனை திரும்பறச்சே நான் புரண்டு விழப்போறேன், எல்லாரும் சிரிக்கப்போறா,” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்படி நடந்துவிடக் கூடாது. அவரிடம் மன்னிப்புத்தான் கேட்க முடியாமல் போய்விட்டது, இதையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய சங்கதி ஒரு கயிறு.

ஸௌம்யாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் ஃபாக்டரியில் வேலை. சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, அறுத்துப் பார்த்துச் சோதிக்கிற பிரிவு. புருஷன் கோவர்தனுக்கு புனேயில் உத்தியோகம் என்பதால் பிரசவத்துக்கு வந்தவள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். குழந்தை ஸுஷ்மாவுக்கு ஏழாவது மாதம் நடந்தபோது, காரில் அவளுக்கென்று தனியாக ஒரு சீட் வாங்கியே தீருவேன் என்றாள். இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. “மடி இருக்கறச்சே குழந்தைக்கு நாற்காலி எதுக்குடி?” என்று பூமா சிரித்தாள்.

சக்ரவர்த்தி சிரிக்கவில்லை. “எப்படிக் கட்டறது அதை?” என்று கேட்டார்.

சென்னைக்குக் கடைக்குப் போகும்போது கூடவே கிளம்பிவிட்டார். காரின் பின்சீட்டைத் தன் உத்தரீயத்தால் அளந்து, அகலத்துக்கு ஒரு முடிச்சும் ஆழத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகத் தலைகீழாகப் புரட்டினார். முதல் சீட் பளபளவென்று இருந்தது, ஆனால் உத்தரீயத்து முடிச்சைத் தாண்டியது. “பாதி அந்தரத்துல நிக்கும். வேண்டாம்.” இரண்டாவதில் காரின் பெல்ட் போகிற வழி முதுகுக்கு மேலே இருந்தது. “பீடத்தைப் பிடிக்காம கழுத்தைப் பிடிக்கறான். இவன் எங்க கத்துண்டான்?” மூன்றாவதில் வழி சரியாக அடியில் இருந்தது. கடைக்காரர் உட்கார வைத்திருந்த பொம்மையின் தோளில் வாரை இறுக்கி, விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வரவில்லை. “இதைக் கட்டுங்கோ,” என்றார்.

வீட்டுக்கு வந்து பொருத்தும்போதுதான் தகராறு. குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்றாள் ஸௌம்யா.

“ஊரைப் பாக்காம கண்ணாடியைப் பாத்துண்டா போறது? பெருமாள் அப்படியா ஏள்றார்?”

“பெருமாளுக்குக் கழுத்து நின்னுடுத்துப்பா. இவளுக்கு இன்னும் உறுதியா நிக்கலை. பிரேக் போட்டா தலை முன்னாடி போகும். திரும்பி உக்காந்தா முதுகு முழுக்கத் தாங்கிக்கும்.”

அவர் அன்று சாயங்காலம் வரை யோசித்தார். “முதுகு தாங்கும். நியாயம்தான்,” என்று ஒப்புக்கொண்டார். ஸௌம்யா சீட்டில் முழங்காலை ஊன்றி, முழு எடையையும் போட்டு அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். பிறகு பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிக் காட்டினாள். “ஒரு அங்குலத்துக்கு மேல ஆடக்கூடாதுப்பா. இதான் கணக்கு.”

“ஒரு அங்குலமா!” என்றார். அவருக்கு அது தாராளமாகப் பட்டது.

மறுநாள் அவள் பார்க்காதபோது, கோயிலுக்கென்று புதிதாக வாங்கி வைத்திருந்த பருத்திக் கயிற்றை எடுத்து வந்து, சீட்டையும் குழந்தையின் இடுப்பையும் சேர்த்துத் தன் பாணியில் ஒரு கட்டுக் கட்டிவிட்டார். ஆயிரம் பேர் இழுத்தாலும் நெகிழாத கட்டு. தாத்தாவின் ஆசை, இருக்கட்டும் என்று ஸௌம்யாவும் வண்டியை எடுத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. வாலாஜாபாத் ரோட்டில் என்ஜினிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. இறங்கிப் பின்கதவைத் திறந்தால் முடிச்சு அவிழவில்லை. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். குழந்தை வீறிட்டது. கடைசியில் இளநீர்க்காரர் ஓடி வந்து அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். வந்தது வெறும் ஆவிதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிஷத்தை அவளால் ஜன்மத்துக்கும் மறக்க முடியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு துண்டுக் கயிற்றையும் அவர் முன்னால் வீசினாள். “இது பெருமாள் இல்லைப்பா! குழந்தை! இறுக்கிக் கட்டினா மட்டும் போறுமா? வேணுங்கறப்போ அந்த நிமிஷமே அவுக்க வேண்டாமா?”

முப்பது வருஷத்தில் சக்ரவர்த்தியின் கட்டை யாரும் குறை சொன்னதில்லை. அவர் கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

அதன் பிறகு ஒரு மாதம் அவளோடு நேரடியாகப் பேசவே இல்லை. எல்லாம் குழந்தை மூலமாகத்தான். “ஸுஷ்மா, உங்கம்மாகிட்டே சொல்லு, காபி ஆறிண்டிருக்கு.” “ஸுஷ்மா, மழை வரும்போல இருக்கு, உங்கம்மாவைக் குடை எடுத்துக்கச் சொல்லு.” குழந்தை இரண்டு பேரையும் பார்த்துக் கெக்கலி கொட்டும். ஸௌம்யாவும் வீம்புக்கு, “தாத்தாகிட்டே சொல்லு, சரின்னு,” என்பாள். நடுவில் கருடசேவைகூட வந்து போயிற்று. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். இன்றைக்குக் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

“பொம்மனாட்டி கட்டறதாவது. நேரம் ஆறது,” என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ கட்டட்டும்,” என்றாள் பூமா வாசற்படியிலிருந்து.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருளாளன் மாமா வந்தார். அப்பாவோடு முப்பது வருஷம் ஒரே வாகனத் தண்டியத்துக்குத் தோள் கொடுத்தவர். பாடையைத் தானும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, தூக்க நின்றவர்களை முறைத்தார்.

“குழந்தை சரியாத்தானே சொல்றா! ஒரு அங்குலத்துக்கு மேல ஆடலாமோ? கருடசேவையன்னிக்கு அத்தனை தடவை சொன்னாரே, காதுல வாங்கினேளா?”

ஸௌம்யா நிமிர்ந்து பார்த்தாள். “யார் சொன்னா மாமா?”

“உங்கப்பாதான். பெருமாளைக் கட்டி முடிச்சு எங்க நாலு பேரையும் கூப்பிட்டு, பீடத்தைப் பிடிச்சு ஆட்டச் சொன்னார். ‘ஒரு அங்குலம், அதான் கணக்கு, கம்பெனில என் பொண்ணு மெஷின்ல வச்சுப் பாத்துச் சொல்லியிருக்கா’ன்னார். எங்ககிட்டே மட்டுமா? பரிசாரகர், குடை பிடிக்கறவன், தீவட்டிக்காரன், ஒருத்தரை விடலை.”

“எங்கிட்டே பேசவே இல்லையே மாமா.”

“உங்கிட்டே எப்படிப் பேசுவார்? தோத்துப் போயிட்டாரே!” என்று அருளாளன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த துணிப்பையை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். “பிடி. சமயம் வந்தா எடுன்னு என்கிட்டே குடுத்து வச்சிருந்தார்.”

உள்ளே பருத்திக் கயிறு. ஸௌம்யா அதை நீட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அறுந்த இரண்டு நுனிகளையும் இழை இழையாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மறுபடி முறுக்கி ஒன்றாக்கியிருந்தார். உற்றுப் பார்த்தால்தான் வெட்டுப்பட்ட இடம் தெரியும்.

“‘என் பொண்ணு அறுத்த கயிறுடா. மூளியானது பெருமாளுக்கு ஆகாது, எனக்குத் தாராளமா ஆகும். அவளையே கட்டச் சொல்லு’ன்னார். சொல்லிட்டு ஒரே சிரிப்பு.”

ஸௌம்யாவுக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. ஒரு மாதத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வைக்கோல் புரியை எல்லாம் அவிழ்த்துப் போட்டாள். மார்பை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து ஆரம்பித்தாள். கயிற்றைப் பச்சை மூங்கிலுக்கு அடியில் கொடுத்து வாங்கி, முழங்காலைப் பாடையின் ஓரத்தில் ஊன்றி, முழு எடையையும் போட்டு இழுத்தாள். எதிர்ப்பக்கம் அருளாளன் மாமா இழுத்துக் கொடுத்தார். பிறகு தொடை, பிறகு தோள். துளசி மாலைக்கு அடியில் கயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ள வரவில்லை.

“அங்க போய் அவுக்கணுமேடி,” என்றான் ராம்ப்ரஸாத். அவன் குரலும் இறங்கியிருந்தது.

“இதோ பார். இந்த நுனியை ஒரு இழுப்பு இழுத்தாப் போறும், மொத்தமும் வந்துடும்.”

பூக்காரி வடிவு ஸுஷ்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கோயில் வாசலில் துளசி மாலை விற்கிறவள். “பாருமா உன் பொண்ணை! எல்லாரும் அளுவறாங்க, இது மோளத்தைப் பாத்து சிரிச்சிக்கினே இருக்குது!” என்று குழந்தையை நீட்டினாள். ஸௌம்யா வாங்கிக்கொண்டாள்.

அருளாளன் மாமா பாடையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். கோஷ்டியிலிருந்த பெரியவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“அரை அங்குலம்!” என்று கத்தினார். யாரோ கைதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். வாத்தியாரும் சிரித்துவிட்டார்.

தூக்கினார்கள். மேளம் எடுத்தது. தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். ஸௌம்யா குழந்தையோடு முனைக்கு வந்து நின்றாள். அங்கே அவளுடைய சின்னச் சிவப்புக் கார் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. பாடை அதைத் தாண்டியதும் சகாக்கள் நடையைப் பிடித்தார்கள். முழங்காலை மடக்கித் தாழ்ந்தார்கள், நிமிர்ந்தார்கள், வலது பக்கம் சாய்ந்தார்கள், இடது பக்கம் சாய்ந்தார்கள். மேளம் வேகம் எடுத்ததும் ஓடியே முனை திரும்பினார்கள்.

மாலைகள் எல்லாம் குதித்தன. பூச்சரங்கள் அறுந்து சிதறின. அப்பாவின் இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, அசையாமல், அவளைப் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தன. ஸுஷ்மா கெக்கலி கொட்டினாள்.

“ஸுஷ்மா, தாத்தாகிட்டே சொல்லு,” என்றாள் ஸௌம்யா. “ஆடலைன்னு.”